ஒரு ரிங்கிட் சீட்டுக்கு வெளியே நிற்பவர்கள்: தொண்டு இயக்கங்களின் மருத்துவ வேலை மாறியது எப்படி?

கம்போங் ராஜாவில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்துச் சீட்டு எடுத்தால் போதும். டாக்டர் பார்ப்பார், மருந்தும் அந்த ஒரு ரிங்கிட்டுக்குள் அடக்கம். வார்டில் சேர வேண்டும் என்றால் குவாலா தெர்லா, திரிங்காப், கியா ஃபார்ம், பிரிஞ்சாங் என்று வளைந்து வளைந்து, தானா ராத்தாவில் இருக்கும் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூரம் என்னவோ 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் பள்ளி விடுமுறையில் கியா ஃபார்ம் சந்தைப் பக்கம் சுற்றுலாப் பேருந்துகள் அடைத்துக்கொண்டால் ஆம்புலன்ஸுக்கும் அதே சாலைதான். பெரிய சிகிச்சை என்றால் பலரும் சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்குகிறார்கள்.

சாலையைப் பற்றிய குறை எல்லாருக்கும் பொது. அந்த ஒரு ரிங்கிட் எல்லாருக்கும் பொதுவன்று. அது மலேசியக் குடிமக்களுக்கான கட்டணம். அதே மலைச்சரிவில் முட்டைக்கோஸ் அறுக்கும் வங்காளதேசிக்கும் நேப்பாளிக்கும் மியன்மார்காரருக்கும் வேறு கட்டணம். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தும் நீல அடையாள அட்டை இல்லாத தமிழருக்கும் பல இடங்களில் அந்த வேறு கட்டணம்தான்.

அனைத்துலகத் தொண்டு இயக்கங்கள் மருத்துவத்தில் என்ன செய்கின்றன என்று கேட்டால், பெரும்பாலோர் மனத்தில் எழுவது போர்க்களம், கூடாரம், வெள்ளை அங்கி போட்ட வெளிநாட்டு டாக்டர். அது பாதி உண்மைதான். இன்று அந்த இயக்கங்களின் வேலையில் பெரும் பகுதி, இருக்கிற மருத்துவமனையின் கதவை அதற்குள் போக முடியாதவருக்குத் திறந்துவிடுவது. இந்த மாற்றம் ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, தோட்டத் தமிழர்களின் சொந்தக் கதையே போதும். ஒரு காலத்தில் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்கள் அவர்கள்தான்.

புழுவை எண்ண வந்தவர்கள்

நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயா தோட்டங்களில் மருத்துவம் என்பது முதலாளியின் பொறுப்பு. 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்கள் தொழிலாளிக்கு வீடும் மருத்துவ வசதியும் தர வேண்டும் என்றது. சட்டம் சொன்னது ஒன்று, லயத்தில் நடந்தது வேறொன்று. மருந்து கொடுத்தவர் பெரும்பாலும் தோட்டத்து டிரெசர். கொய்னா மாத்திரையும் பேதி மருந்தும்தான் அவர் கையிருப்பு. மலேரியாவும் கொக்கிப்புழுவும் சேர்ந்து இரத்தத்தை உறிஞ்ச, வெளுத்துப்போன தொழிலாளி மறுநாள் காலைப் பெரட்டுக்கு நின்றார்.

அந்தச் சூழலில்தான் 1915-இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம் ஒரு மருத்துவக் குழுவைக் கீழைநாடுகளுக்கு அனுப்பியது. சாமுவேல் டார்லிங், மார்ஷல் பார்பர், ஹென்றி ஹேக்கர் ஆகிய மூவர் அதில் இருந்தனர். பனாமா கால்வாய்ப் பகுதியில் வெப்பமண்டல நோய்களை ஆராய்ந்து பெயர் எடுத்தவர் டார்லிங். 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவுகள் ஆகிய இடங்களில் அவர்கள் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தார்கள். மூன்று இடங்களுமே தோட்டத் தொழிலாளர்களால் நிரம்பியவை. மருந்து கொடுத்து, வெளியேறும் புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணி, இரத்தத்தின் பலத்தை அளந்தார்கள். வயிற்றில் புழு இருக்கிறதா இல்லையா என்பதைவிட எத்தனை புழு இருக்கிறது என்பதே முக்கியம் என்று டார்லிங் வலியுறுத்தினார். அறிக்கை 1920-இல் நூலாக வந்தது. மருத்துவ உலகம் அதை மதித்தது.

ஆனால் அந்த ஆய்வின் நோக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோகை பிடித்த கூலியால் முழு வேலை செய்ய முடியாது என்பது தோட்ட முதலாளிகளுக்குப் பெரிய கவலை. நோய் தீர்ந்தால் உற்பத்தி உயரும் என்பது அந்த உதவிக்குள்ளேயே இருந்த கணக்கு. உதவி பெற்றவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

இலங்கையில் இதே நிறுவனம் ஒருபடி மேலே போனது. 1916-இல் அங்குள்ள தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி மருந்து புகட்டினார்கள். புழு வெளியேறியது, சில மாதங்களில் திரும்பி வந்தது. காரணம் எளிது. கொக்கிப்புழு மண்ணில் வளர்ந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் ஏறுவது. லயத்தில் கழிப்பறை இல்லை; காலில் செருப்பு இல்லை. மருந்து கொடுத்து அனுப்பிய தொழிலாளி அதே மண்ணுக்குத்தான் திரும்பினார். கழிப்பறை கட்டும் செலவு தோட்ட நிர்வாகங்களுக்குக் கசந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். மருந்து வண்டியை மட்டும் ஓட்டிப் பயனில்லை என்பதை ராக்பெல்லர் நிறுவனத்தினர் உணர்ந்தார்கள். 1926-இல் இலங்கையின் களுத்துறையில் உள்ளூர் அரசுடன் சேர்ந்து ஒரு சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். குறிப்பிட்ட பகுதிக்கு ஒரு மருத்துவ அதிகாரி, மருத்துவச்சிகள், தாதிகள், சுகாதாரப் பரிசோதகர்கள். பிரசவம் முதல் கிணற்று நீர் வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. வெளிநாட்டார் போய்விட்டார்கள், அந்த அமைப்பு நின்றது. இன்றும் இலங்கையின் பொதுச் சுகாதாரம் அந்தப் பிரிவு முறையில்தான் இயங்குகிறது. ஆனால் அந்த நாட்டு மலையகத் தமிழர்களின் தோட்ட மருத்துவமனைகள் நெடுங்காலம் அந்தத் தேசிய அமைப்புக்கு வெளியே கிடந்தன. 1990-களில்தான் அவற்றை அரசு படிப்படியாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது.

மலேசியத் தோட்டங்களிலும் ஏறக்குறைய அதே கதை. 1950-களில் அரசாங்கத்தின் கிராமப்புறச் சுகாதாரச் சேவை தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் அதற்குக் கைகொடுத்தன. மருத்துவச்சி கிளினிக்குகள் கம்பங்களுக்கு வந்தன. தோட்டம் தனியார் நிலம் என்பதால் அங்கே டிரெசரே தொடர்ந்தார். 'தனியார் நிலம்' என்ற அந்தச் சொல் தோட்டப்புறத்தில் சாலைக்கும் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் எத்தனை ஆண்டு தடையாக இருந்தது என்பதை மூத்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

டாக்டர்கள் வாய் திறந்தபோது

அனைத்துலக அளவில் அடுத்த பெரிய திருப்பம் ஆப்பிரிக்காவில் வந்தது. 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் நடந்த பியாஃப்ரா போரில் குழந்தைகள் பட்டினியால் செத்தார்கள். அங்கே பணியாற்றிய பிரெஞ்சு டாக்டர்கள் சிலருக்கு, கண்டதை வெளியே சொல்லாமல் மருந்து மட்டும் கொடுத்துவிட்டு வருவது பொறுக்கவில்லை. அவர்களும் சில பத்திரிகையாளர்களும் சேர்ந்து 1971-இல் தொடங்கியதுதான் எல்லைகளற்ற மருத்துவர்கள் இயக்கம். சிகிச்சை அளிப்பதோடு சாட்சி சொல்வதும் மருத்துவர் வேலை என்பது அவர்கள் கொள்கை. 1999-இல் அந்த இயக்கத்துக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மலேசியாவில் இதே பாதையை ஓர் உள்ளூர் இயக்கம் நடந்து காட்டியது. ஐரின் ஃபெர்னாண்டஸ் 1991-இல் தொடங்கிய தெனாகனித்தா, அந்நியத் தொழிலாளர்களிடையே எய்ட்ஸ் தொடர்பான சுகாதார ஆய்வு ஒன்றில் ஈடுபட்டிருந்தது. அந்த ஆய்வின்போதுதான் குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் தொழிலாளர்கள் நோயாலும் சத்துக்குறைவாலும் துன்பப்படுவது பற்றிய தகவல்கள் வந்தன. 1995-இல் ஐரின் அதை அறிக்கையாக வெளியிட்டார். மறு ஆண்டே பொய்ச் செய்தி வெளியிட்டதாக அவர்மீது வழக்கு. 2003-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டில் 2008-இல் விடுதலை. இடையில் 2005-இல் ஸ்வீடனின் ரைட் லைவ்லிஹூட் விருது அவருக்கு வந்தது. 2014-இல் அவர் மறைந்தார். தோட்டச் சூழலில் வளர்ந்த ஒரு பெண், பிற்காலத்தில் வேறு நாட்டிலிருந்து வந்த தொழிலாளிக்காகப் பதின்மூன்று ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார் என்பது சாதாரண விஷயமன்று.

வாங்கிய நாடு கொடுக்கத் தொடங்கியது

1999-இல் கொசோவோ போர் நடந்தபோது மகப்பேறு மருத்துவரான டாக்டர் ஜெமிலா மாமுட் உதவி செய்யப் புறப்பட நினைத்தார். அதற்கேற்ற இயக்கம் இங்கே இல்லாததால் தாமே ஒன்றைத் தொடங்கினார். அதுதான் மெர்சி மலேசியா. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் ஆச்சேயில் அதன் பெயர் பரவலாகத் தெரிந்தது. ரொஹிங்யா மக்கள் லட்சக்கணக்கில் வங்காளதேசத்துக்குள் ஓடிவந்த 2017-இல் மலேசிய அரசாங்கமே காக்ஸ் பஜாரில் கள மருத்துவமனை திறந்தது. ஒரு காலத்தில் ஆய்வுக்குழுக்கள் வந்து புழு எண்ணிய நாடு, மற்ற நாட்டுக்கு டாக்டர்களை அனுப்பும் நாடாகிவிட்டது.

இன்னொரு மாற்றம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அது மாத்திரை விலை பற்றியது.

ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி கிருமிக்கு 2013-இல் சோஃபோஸ்புவிர் என்ற புதிய மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒரு மாத்திரை 1,000 டாலர். 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர். மலேசியாவில் சுமார் 4 லட்சம் பேருக்கு அந்தக் கிருமி இருக்கலாம் என்பது அந்நாளைய மதிப்பீடு. அந்த விலைக்கு எந்த அரசாங்கம் மருந்து வாங்கும்?

இங்கேதான் ஒரு புது வகைத் தொண்டு அமைப்பு வருகிறது. ஏழைகளின் நோய்களுக்கு மருந்து கண்டுபிடிக்கக் கம்பெனிகள் முன்வருவதில்லை என்பதால், எல்லைகளற்ற மருத்துவர்கள் இயக்கமும் சில நாடுகளின் ஆய்வு அமைப்புகளும் கூடி 2003-இல் டி.என்.டி.ஐ என்ற அமைப்பை உருவாக்கின. அதன் நிறுவன உறுப்பினர்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் உண்டு; மலேசிய சுகாதார அமைச்சும் உண்டு. இந்த அமைப்பு எகிப்தின் ஃபார்கோ கம்பெனியோடு 2016-இல் ஓர் ஒப்பந்தம் செய்தது. சோஃபோஸ்புவிரும் ரவிடாஸ்விர் என்ற மற்றொரு மருந்தும் சேர்ந்த முழுச் சிகிச்சையை 300 டாலருக்குள் அடக்குவது என்பது ஏற்பாடு. மலேசியாவிலும் தாய்லாந்திலும் நோயாளிகளிடம் அந்தக் கூட்டு மருந்து சோதிக்கப்பட்டது. 2018-இல் வெளியான முதற்கட்ட முடிவில் 97 விழுக்காட்டினர் குணமாகியிருந்தனர்.

இதற்கிடையே 2017 செப்டம்பரில் மலேசியா ஒரு துணிச்சலான முடிவை அறிவித்தது. சோஃபோஸ்புவிருக்குக் காப்புரிமை இருந்தாலும், பொது நலனுக்காக மலிவான மாற்று மருந்தை வாங்கி அரசாங்க மருத்துவமனைகளில் பயன்படுத்த உரிமம் பிறப்பித்தது. அந்த நோய் மருந்துக்கு இப்படிச் செய்த முதல் நாடு மலேசியா. 2018-இல் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. 2021-இல் ரவிடாஸ்விருக்கும் இங்கே பதிவு கிடைத்தது. அந்த மாத்திரையை வாங்கிச் செல்லும் நோயாளிக்கு இதற்குப் பின்னால் ஒரு தொண்டு இயக்கம் இருப்பது தெரியாமலே போகலாம். கூடாரமும் கொடியும் இல்லாத வேலை அது. ஆயினும் ஒரு மருத்துவ முகாமால் எட்டவே முடியாத எண்ணிக்கையை அது எட்டுகிறது.

கதவுக்கு வெளியே இப்போது யார்?

இவ்வளவு வசதி உள்ள நாட்டில் எல்லைகளற்ற மருத்துவர்கள் இயக்கம் பினாங்கின் பட்டர்வொர்த்தில் 2018 முதல் கிளினிக் நடத்துகிறது. அங்கே போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. நல்ல அரசாங்க மருத்துவமனைகள் பக்கத்திலேயே உள்ளன. பின் ஏன்?

மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை வைத்திருப்பவருக்கு அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டார் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. அந்தப் பாதியே நாள் கூலிக்காரருக்கு மலை. 2014-ஆம் ஆண்டின் கட்டண ஆணைக்குப் பின் வெளிநாட்டாருக்கான கட்டணங்கள் மேலும் ஏறின. வார்டில் சேர முன்பணமே ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். அட்டையே இல்லாதவருக்குப் பணத்தைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஆவணமில்லாமல் சிகிச்சைக்கு வருவோரைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சின் 2001-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. அதனால் பிரசவ வலியில்கூட மருத்துவமனைக்கு வரத் தயங்குகிறார்கள். இருமல் வந்தால் ஒளிந்துகொள்கிறார்கள். அந்த இருமல் காசநோயாக இருந்தால் அது அடையாள அட்டை கேட்டுப் பரவுவதில்லை. கோவிட் காலத்தில் அரசாங்கமே இதை ஒப்புக்கொண்டது போல, ஆவணமில்லாதவருக்கும் இலவசத் தடுப்பூசி என்று 2021-இல் அறிவித்தது. அப்போதும் ஊசி போட வந்தால் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயத்தைத் தீர்க்கத் தொண்டு இயக்கங்கள்தாம் நடுவில் நிற்க வேண்டியிருந்தது.

பெர்மிட்டோடு வேலை செய்யும் அந்நியத் தொழிலாளிக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. மருத்துவமனைக் காப்பீட்டுத் திட்டம் 2011-இல் வந்தது. ஆனால் அது வார்டில் சேர்ந்தால்தான் உதவும். கிளினிக் செலவுக்கு ஆகாது. 2019 ஜனவரி முதல் வேலையிட விபத்துக்கு சொக்சோ பாதுகாப்பும் இருக்கிறது. காய்கறித் தோட்டத்தில் மருந்து தெளிக்கும்போது மயங்கி விழுந்தவருக்காக இதைக் கேட்க முடியும் என்பது தொழிலாளிக்கும் தெரிவதில்லை. பல நேரங்களில் அவரை வேலைக்கு வைத்திருப்பவருக்கும் தெரிவதில்லை.

இதெல்லாம் வேற்று நாட்டார் பிரச்சினை என்று ஒதுங்க முடியாது. நாடற்றவர் பட்டியலில் தமிழர்களும் இருக்கிறார்கள். லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்து பதிவாகாத பிள்ளை, கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுபோன திருமணம், எழுத்துப்பூர்வமில்லாத தத்து என்று அதற்குப் பல வாசல்கள். பெற்றோரின் திருமணம் பதிவாகவில்லை என்றால் பிள்ளையின் குடியுரிமை தாயைத் தொடர்கிறது. தாயிடம் அட்டை இல்லையென்றால் தந்தையிடம் நீல அட்டை இருந்தும் பயனில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து, இனிப்பு நீர் வந்து, மாதாமாதம் மருந்துக்குப் போகும்போது முகப்பில் அட்டையைக் கேட்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அதிகம். ஒரு நாள் வைத்தியத்தால் தீராத நோய் அது.

டிரா மலேசியா இயக்கம் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடு 2014 முதல் தீபகற்ப மலேசியாவில் நாடற்றவர்களைத் தேடிப் பதிவு செய்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளிவந்தார்கள். சட்ட உதவித் தொண்டர்களை ஊர் ஊராகப் பயிற்றுவித்து, பழைய பள்ளிச் சான்றிதழ், பிரசவக் குறிப்பு, சாட்சிகளின் சத்தியப் பிரமாணம் என்று ஒவ்வொரு தாளாகச் சேர்த்துத் தேசியப் பதிவு இலாகாவுக்கு மனுப் போட உதவியது. இதில் ஸ்டெதாஸ்கோப்பும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஆனாலும் ஒருவரை ஒரு ரிங்கிட் வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவது இதுதான்.

இப்படிப்பட்ட வேலைகளுக்கு இப்போது பணத் தட்டுப்பாடு. 2025 ஜனவரி 20-ஆம் நாள் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தார். அன்றே உலகச் சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாகவும் அறிவித்தார். ஜூலை 1-இல் யு.எஸ்.எய்ட் அமைப்பு மூடப்பட்டது. ஐ.நா. அகதிகள் ஆணையம் ஆயிரக்கணக்கான பணியிடங்களைக் குறைத்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் இயக்கத்துக்கு இந்த அடி நேரடியாக விழவில்லை. அதன் வருமானத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் தனிமனிதர்கள் தரும் நன்கொடை. ஆனால் பக்கத்து அமைப்பு மூடினால் அங்கிருந்த நோயாளியும் இதன் வரிசைக்குத்தான் வருவார்.

உள்ளூர்ப் பொது இயக்கங்களின் பங்கும் இங்கே பேசப்பட வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மருத்துவ முகாம் நடக்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், மதியச் சாப்பாடு போடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே முதன்முறையாகத் தம் நோயை அறிந்தவர்கள் உண்டு. திங்கட்கிழமை அவரை கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கிறதா, அவரிடம் அட்டை இருக்கிறதா என்று அதே முகாமில் ஒரு மேசை போட்டுக் கேட்டால் பாதி வேலை முடியும். களுத்துறையில் 1926-இல் கண்டதும் இதைத்தான்: மருந்து வந்து போகும், அடுத்த வாரமும் வரும் ஆள் வேண்டும்.

அந்த மேசையில் சொல்ல வேண்டியவை அதிகமில்லை. தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும். தாமதமானால் விசாரணையும் கூடுதல் தாள்களும் வரும். முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களுக்கு 1982 மார்ச் 1 முதல் சட்டப்படி பதிவு கட்டாயம். தாலியும் கோயில் ரசீதும் மட்டும் போதாது. சில கோயில்களில் துணைப் பதிவதிகாரியாக நியமிக்கப்பட்டவரே இருக்கிறார். முகூர்த்தம் குறிக்கும்போதே அவரிடம் கேட்டு வைத்தால், பின்னாளில் அந்த வீட்டுப் பிள்ளை கிளினிக் முகப்பில் பதில் தெரியாமல் நிற்க வேண்டியிருக்காது.